கடைசி இடத்துக்குப் போன கோல்கீப்பர்

2006ஆம் வருடம் ஆடி மாதம் நடந்தது இது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் எழுத்துகளைக் கோப்பது, பிறகு புரூஃப் பார்ப்பது, இரண்டும் என் பொறுப்பு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது.

வேலைக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். என் கணவருக்கு நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் பிரிவில் வேலை. "உனக்குப் பிடிச்சிருந்தா போ" என்று அவர் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அக்கா ஆறு மணிவரை குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனாலும் என் மனம் ஒரு இடத்தில் நிற்காது. பதினோரு மணிக்கு அவள் சாப்பிட்டிருப்பாளா என்று நினைப்பேன். மூன்று மணிக்கு, தூங்கி எழுந்து என்னைத் தேடி அழுவாளோ என்று நினைப்பேன். ஐந்தரை ஆனால் கடிகாரத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், ஒரு தினசரிக் காலண்டரில் ஒரே தேதி இரண்டு தாளில் வந்ததைக் கவனிக்காமல் விட்டதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். நான் சேர்ந்த அன்றே முதலாளி இதைச் சொல்லிவிட்டார். ஊரில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். "எழுத்துல ஒரு தப்பு போச்சுன்னா அது ஆயிரக்கணக்கான தப்பாத்தான் வெளிய வரும் தாயி. பாத்துக்கோ" என்றார். அந்தப் பயத்திலேயே ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படிப்பேன்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நகைக்கடைக் காலண்டர் வந்தது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த ஒரு அமாவாசைத் தேதி ஒரு நாள் தள்ளியிருந்தது. பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அண்ணாச்சி எல்லோர் முன்னாலும், "படிச்ச புள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று பாராட்டினார். அன்றிலிருந்து மெஷின் ஓட்டும் அண்ணன் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிதான். ஆனால் எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமைதான் அடுத்து நடந்ததற்கெல்லாம் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆடிப்பெருக்குக்குள் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் எல்லாம் வெளிவந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த நெருக்கடிக்கு நடுவில் கோழிக்கோட்டிலிருந்து ஒரு சின்ன ஆர்டர் வந்தது. பிள்ளைகள் விளையாடும் டிரம்ப் கார்டு. கடந்த சீசனில் ஐரோப்பாவில் ஆடிய மிகச் சிறந்த கால்பந்து வீரர்கள் முப்பத்திரண்டு பேர். ஒவ்வொரு கார்டிலும் ஒருவருடைய படம், அவர் ஆடிய ஆட்டங்கள், போட்ட கோல்கள், உயரம், மூலையில் சிவப்பில் ரேங்க். படங்களைச் சி.டி.யில் அனுப்பியிருந்தார்கள். பட்டியல் கையெழுத்தில் ஃபேக்ஸாக வந்திருந்தது. ஓணத்துக்குள் கடைக்கு வந்தாக வேண்டும், புரூஃப் அனுப்பி நேரத்தைக் கடத்த வேண்டாம், பட்டியலில் உள்ளபடியே போட்டுவிடுங்கள் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

எனக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் தெருவில் எல்லாம் கிரிக்கெட்தான். அந்த வீரர்களின் பெயர்கள் வாயிலேயே நுழையவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கோத்து முடித்தேன். கடைசியில் எண்களைச் சரிபார்க்கும்போதுதான் ஒன்று உறுத்தியது. ரேங்க் ஒன்று என்று எழுதியிருந்தவருக்குக் கோல் சைபர்.

மற்ற எல்லோருக்கும் பத்து, இருபது என்று இருந்தது. சிலருக்கு ஒன்றோ இரண்டோ. சைபர் போட்டிருந்தவர்கள் இன்னும் இரண்டு பேர்தான். அவர்கள் முப்பத்தொன்றாம் இடத்திலும் முப்பத்திரண்டாம் இடத்திலும் இருந்தார்கள். ஒரு கோல்கூடப் போடாதவர் எப்படி முதல் இடம் வாங்க முடியும்? எழுதியவர் அவசரத்தில் கடைசியில் வர வேண்டியவரை மேலே எழுதிவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். அமாவாசையைக் கண்டுபிடித்தவள் அல்லவா நான்!

கோழிக்கோட்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போனை எடுக்கவும் செய்தேன். லைன் கிடைக்கவில்லை. மணி ஐந்து ஐம்பது. காலையில் குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. இன்னொரு முறை முயன்றால் ஆறேகால் ஆகிவிடும் என்று போனை வைத்துவிட்டேன். முதல் ஆளை முப்பத்திரண்டாம் இடத்தில் போட்டேன். மற்ற முப்பத்தொரு பேரும் ஆளுக்கு ஒரு படி ஏறினார்கள். ஃபைலை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

நான்கு நாள் கழித்துத் தாள்கள் அச்சாகி வந்தன. மதியச் சாப்பாடு முடிந்து பைண்டிங் பகுதியில் பெண்கள் நாலைந்து பேர் தரையில் பிரவுன் தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருவர், வீணான அச்சுத் தாள் ஒன்றைக் கத்தரியால் கார்டு கார்டாக வெட்டி வைத்திருந்தார். வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் தாங்களே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கையில் இருக்கும் கார்டைப் பார்த்துக் கோலையோ உயரத்தையோ ரேங்கையோ சொல்ல வேண்டும். யாருடையது பெரிதோ அவருக்கு மற்றவர்களின் கார்டு. ரேங்க் மட்டும் சின்ன எண்தான் ஜெயிக்கும்.

"மூணாவது தடவையா இந்தக் கையுறைக்காரன் எனக்கே வாரான் பாருங்கடி" என்று அந்த அக்கா சலித்துக்கொண்டார். "கோலைச் சொன்னா முட்டை. ரேங்க்கைச் சொன்னா கடைசி. இவனை வச்சு என்ன செய்ய?"

"உசரத்தைச் சொல்லுக்கா. ஆளு நெட்டையாத்தான இருக்கான்" என்றாள் எதிரில் இருந்தவள்.

"அதுலயும் ஒருத்தன் மிஞ்சிட்டானே. சும்மா நெட்டையா நின்னுக்கிட்டு இருக்கான், எங்க வீட்டுக்காரரு மாதிரி."

எல்லோரும் சிரித்தோம். தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு வந்த மெஷின் அண்ணன் குனிந்து அந்தக் கார்டைப் பார்த்தார். அந்தக் கோடையில் உலகக் கோப்பை ஆட்டங்களை ஒன்று விடாமல் டீக்கடை டி.வி.யில் பார்த்தவர் அவர்.

"ஏக்கா, இவன் கோல்கீப்பருக்கா. கோல் விழாம தடுக்குறவன். இவன்கிட்டப் போயி எத்தனை கோல் போட்டேன்னு கேப்பீகளா? இவன் கையில பட்டு எத்தனை பந்து வெளிய போச்சுன்னுல்லா கேக்கணும்!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா உலகக் கோப்பையில பிரமாதமாத் தடுத்த ஆளாச்சே, இவனை எதுக்குக் கடைசியில தள்ளியிருக்காகன்னுதான் தெரியல. என்ன டீச்சர்?" என்றார்.

அக்கா கையிலிருந்து அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தேன். படத்தில் கையுறை இருந்தது. அவருடைய சட்டை மட்டும் மற்றவர்கள் சட்டைபோல இல்லாமல் மஞ்சளாக இருந்தது. எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். எழுத்தை மூன்று முறை பார்க்கிறவள், ஆளை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

என் மேஜைக்குப் போய் அந்த ஃபேக்ஸைத் தேடி எடுத்தேன். பட்டியலுக்கு அடியில் மலையாளத்தில் இரண்டு வரி. கடை விலாசமாக இருக்கும் என்று அப்போது விட்டுவிட்டிருந்தேன். அச்சகத்து வாசலுக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தவருக்குப் பாலக்காட்டுப் பக்கம் ஊர். தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"ஒண்ணாம் நம்பரை மாத்தக் கூடாதுன்னு எழுதிட்டுண்டு மோளே. நாலு நாள் எல்லாரும் சண்டை போட்டு முடிவு செஞ்சதாக்கும். மாத்தினா திரும்பவும் அடி நடக்கும்னு." படித்துவிட்டு அவரே சிரித்தார். "ஃபுட்பால்னா எங்க ஆளுகளுக்குப் பைத்தியம்தான். ஏன், மாத்திட்டீங்களோ?"

தாளை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

உள்ளே கட்டிங் மெஷின் பக்கத்தில் அந்தத் தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. நான்கு மணி டீ முடிந்ததும் வெட்டிவிடுவார்கள். வெட்டிவிட்டால் பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மணி மூன்றேகால்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கேயோ இருக்கிற கடைக்கு விளையாட்டுச் சாமான் போகிறது. இதை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்தால்கூட அச்சகத்துத் தவறு என்பார்கள், என் பெயரா வரப்போகிறது? எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு தேதிக்காக வீட்டுக்குப் போனவர். அவர் கவனிக்காமல் விட்டார். நான் சரியாக இருந்ததை என் கையால் மாற்றியவள். சொன்னால் இன்றோடு இந்த நாற்காலி போய்விடும். மறுபடி வீடு. 'குழந்தையைப் பாக்காம வேலைக்குப் போனாள், அதையும் ஒழுங்காச் செய்யல' என்று சொல்லப் போகிறவர்களின் முகமெல்லாம் வரிசையாக வந்தது. வேலை போனால் போகட்டும், குழந்தையோடு நிம்மதியாக இருக்கலாம் என்றும் ஒரு நினைப்பு. அது நிம்மதி இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த நாலு நாள் சண்டை என்னை விடவில்லை. யாரோ சில பேர், வேலைவெட்டியை விட்டு, நாலு நாள் உட்கார்ந்து, இவன் பெரியவனா அவன் பெரியவனா என்று கத்தித் தீர்த்து, கடைசியில் ஒருவனை முதலில் வைத்திருக்கிறார்கள். நான் ஒரு நிமிடத்தில் அவனைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிட்டேன்.

அண்ணாச்சி அறைக்குள் போய், ஃபேக்ஸையும் அச்சுத் தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் ஒரு தடவை பட்டியலைப் பார்த்தார். ஒரு தடவை தாளைப் பார்த்தார். "உள்ளபடியே போடுன்னுதானம்மா சொன்னான் அந்த மனுசன்?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"பிறவு?"

"கோல் போடலையேன்னு..."

"நீ என்ன அவனுக்குப் பரீட்சைப் பேப்பரா திருத்துன?" அவர் சத்தம் வெளியே மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும். "சீசன் நேரத்துல இது வேறயா? போனை எங்கிட்டத் தராத. நீயே போடு. நீயே சொல்லு. அவன் என்ன சொல்லுதானோ, அதை வச்சு நான் பேசுதேன்."

இந்த முறை உடனே லைன் கிடைத்தது. அண்ணாச்சி தனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அமுக்கினார். கோழிக்கோட்டுக்காரருக்குத் தமிழ் நன்றாகப் புரிந்தது. நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அப்போ இப்ப ஒண்ணாம் இடத்துல ஆரு?" என்று கேட்டார்.

இரண்டாம் இடத்தில் இருந்தவருடைய பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். நிறைய கோல் போட்டிருந்தவர்.

அவர் ரிசீவரைப் பொத்தாமலேயே யாரையோ பார்த்துக் கத்தினார். "எடா, சிவகாசியில ஒரு பெண்குட்டி உன் கட்சியாடா!"

அடுத்த விநாடி போனை வேறு ஒருவர் பிடுங்கிக்கொண்டார். தம்பியாம். "சேச்சி, நீங்க செஞ்சதுதான் சரி! அப்படியே அச்சடிங்க! கோல் போடாம என்ன ஃபுட்பால்?" என்றார். பின்னாலிருந்து அண்ணனுடைய குரல் வந்தது. "அந்த ஆளு இல்லைன்னா உன் ஆளு போட்ட கோலெல்லாம் என்னத்துக்கு ஆகும்?" அதற்கு மேல் மலையாளத்தில் இரண்டு பேரும் போட்ட சண்டையில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடைக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள் போல. நாங்கள் இரண்டு பேரும் இங்கே ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"யோவ், எஸ்.டி.டி. ஓடுதுய்யா! உங்க பஞ்சாயத்தைப் பெறகு வச்சுக்கோங்க!" என்று கத்தினார். கத்தி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் அண்ணன் மறுபடி போனுக்கு வந்தார். "மோளே, அவன் பேச்சைக் கேட்காண்டா. இந்த ரேங்க்குக்காக மூணு வாரமா என்கூட மிண்டாம இருந்தவன், இன்னிக்குத்தான் வாயைத் திறந்திருக்கான். அதுக்கு உங்களுக்கு நன்றி. ஆனா ஒண்ணாம் நம்பர் அவரேதான். ஓணத்துக்கு முன்னால வந்தா போதும்" என்றார்.

போனை வைத்ததும் அண்ணாச்சி சிரிப்பை மடக்கிக்கொண்டார். "அவன் விட்டுட்டான். நான் எப்படி விட? இப்ப இத்தனை தாளையும் என்ன செய்ய?" என்றார்.

கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மெஷின் அண்ணன்தான் வழி சொன்னார். "அண்ணாச்சி, பட்டாசு லேபிள்ல பழைய விலையை மறைக்க வட்டம் அடிப்போம்லா, அதே மாதிரி அடிச்சிருவோம். தங்க மை ரெண்டு ஓட்டு ஓட்டுனா அடியில இருக்க சிவப்பு தெரியாது. மேல கறுப்புல புது நம்பர். சின்ன மெஷின் இப்ப சும்மாத்தான் கிடக்கு. இன்னும் வெட்டலைல்லா, அம்புட்டும் தாளாத்தான இருக்கு."

வெட்டியிருந்தால் அதையும் செய்திருக்க முடியாது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "வெட்டுறதுக்கு முன்னால வந்து சொன்னியே, அதனால தப்பிச்ச. போ, நம்பரைப் போட்டுக் குடு. இனிமே மாத்தணும்னு தோணுச்சுன்னா எங்கிட்ட வந்து கேளு. நான் இல்லைன்னா மறுநா வரைக்கும் காத்துக் கிட. ஒரு நாள்ல ஒண்ணும் முழுகிராது" என்றார்.

அன்று ஆறு மணிக்கு நான் கிளம்பவில்லை. முப்பத்திரண்டு வட்டங்களையும் அவற்றின் எண்களையும் இடம் பிசகாமல் வைத்து, பட்டியலோடு எண்ணி எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பைண்டிங் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் தாயி தவிக்கே? வீட்டுக்காரருக்குப் போனைப் போட்டுப் புள்ளைய இங்கன தூக்கிட்டு வரச் சொல்லு. நாங்க இம்புட்டுப் பேரு இருக்கோம்ல" என்றார்.

என் கணவர் டி.வி.எஸ். வண்டியில் முன்னால் அவளை நிற்க வைத்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அக்கா அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அழாமல் இருக்க அந்த வெட்டிய கார்டுகளை முன்னால் பரப்பினார். என் மகள் அத்தனையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரே ஒரு கார்டை எடுத்தாள். மஞ்சள் சட்டை, பெரிய கையுறை.

"எடுத்தா பாத்தீகளா, எனக்கு வாச்சவனை!" என்று அக்கா சத்தம் போட்டுச் சிரித்தார். "இந்தா டீச்சர், உங்க மகளுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல" என்றார் மெஷின் அண்ணன். நிறம் பளிச்சென்று இருந்ததால்தான் எடுத்திருப்பாள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கண் கலங்கிவிட்டது. திரும்பி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கார்டை அவள் வீடு வரைக்கும் கையில் இறுக்கிப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

தங்க வட்டத்தோடு அந்தக் கார்டுகள் பார்க்க முன்னைவிட நன்றாகவே இருந்தன. அடுத்த வருடமும் கோழிக்கோட்டிலிருந்து அதே ஆர்டர் வந்தது, "தங்க வட்டம் கண்டிப்பாக வேண்டும்" என்ற குறிப்போடு. அதற்கு அடியில் மலையாளத்தில் ஒரு வரி. இந்த முறை தாளை எடுத்துக்கொண்டு முதலில் டீக்கடைக்குத்தான் போனேன். 'இந்தத் தடவை தம்பியின் ஆள் ஜெயித்துவிட்டான்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த நாற்காலியில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். தவறுகளைக் கண்டுபிடிக்கத்தான் செய்கிறேன், ஆனால் கேட்காமல் கை வைப்பதில்லை. என் மகள் இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள். போன மாதம் ரேங்க் கார்டு கொண்டுவந்தாள். இருபத்தாறாவது ரேங்க். பள்ளிக்கூடத்தில் முதல் மூன்றுக்குள் வராத வருடமே எனக்குக் கிடையாது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வேலைக்குப் போவதால்தான் இப்படியோ என்று வழக்கம்போல யோசித்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு வகுப்பில் அழுத புதுப்பிள்ளைக்குத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வரை பக்கத்திலேயே இருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பீரோவைத் திறந்து, ஓரம் மடங்கிப்போன அந்த மஞ்சள் சட்டைக்காரர் கார்டை எடுத்துப் பார்த்தேன். வட்டம் அடிக்காத கார்டு அது. மூலையில் முப்பத்திரண்டு என்று நான் போட்ட எண் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டேன். அதில் தண்ணீர் பாட்டிலுக்குக் கட்டம் இல்லை, இந்தக் கார்டில் தடுத்த பந்துக்குக் கட்டம் இல்லாததுபோல. யாருடைய மதிப்பெண்ணைப் பார்த்தாலும், அந்தத் தாளில் எந்தக் கட்டத்தைப் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடும் பழக்கம், முகம்கூடப் பார்த்திராத அந்தக் கோழிக்கோட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.